மாத்திரை தீரும் தேதி: மனநல மருந்தும் மருந்தாளுநரும்

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

இந்தக் கேள்விக்கு நம்ம ஊரில் ஒரே பதில்தான்: "போடுறேன் சார்." டாக்டர் கேட்டாலும் அதேதான், வீட்டில் கேட்டாலும் அதேதான். இல்லை என்று சொன்னால் திட்டு விழும் என்பது பதில் சொல்பவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் உண்மை தானாகவே பதிவாகிவிடுகிறது. 30 நாளைக்கு மாத்திரை வாங்கியவர் மறுபடி 50-ஆவது நாள் வந்து நிற்கிறார் என்றால், நடுவில் 20 நாள் கணக்கு இடிக்கிறது. அது அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் தெரியும், மெடிக்கல் ஷாப் கவுண்டரில் தெரியும். கவனித்துப் பார்க்கிற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மனநல மருந்து சாப்பிடுபவர்கள் அதை இடையில் விட்டுவிடாமல் தொடர, அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர் என்ன செய்ய முடியும்? வையம்பட்டி மாதிரி ஓர் ஊரை மனதில் வைத்து இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்ததை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்க்கிறேன்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மருந்தைப் பாதியில் விடுவது மனநோயாளிகளுக்கு மட்டுமே உள்ள குணம் இல்லை. பிரஷர், சுகர் என்று நாள்பட்ட நோய்களுக்கு மருந்து சாப்பிடுபவர்களில், வளர்ந்த நாடுகளில்கூட சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே ஓர் அறிக்கையில் எழுதிவிட்டது. ஏழை நாடுகளில் இது இன்னும் குறைவு.

மனநோயில் வித்தியாசம் என்னவென்றால், விட்டதன் விலை சீக்கிரம் தெரியாது, தெரியும்போது பெரிதாக இருக்கும். மனச்சிதைவு நோய்க்கான மருந்துகளைப் பற்றி 65 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2012-ல் லான்செட் இதழில் வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கு அது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்கணும். மருந்து சாப்பிட்டும் நான்கில் ஒருவருக்கு நோய் திரும்பியிருக்கிறது. அதனால், திரும்பி வந்தவரைப் பார்த்து "மாத்திரையை விட்டிருப்பே" என்று கண்ணை மூடிக்கொண்டு குற்றம் சொல்லக் கூடாது. அதே நேரம், தொடர்வதற்கும் விடுவதற்கும் உள்ள இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல். ஒரு குடும்பத்துக்கு இது வேலை போவதா நிற்பதா, கல்யாணம் நிலைப்பதா முறிவதா, சில சமயம் உயிரா என்கிற கணக்கு.

திருச்சி ஒரு தொடக்க மாவட்டம்

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இது. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் அறிவிக்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு முன்மாதிரியை நடத்திக் காட்டியது. அதை வைத்து 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கே நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அன்றைய ஆந்திராவின் மேதக், அசாமின் நகாவ், ராஜஸ்தானின் சீகர், நான்காவதாக நம்ம திருச்சிராப்பள்ளி. பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது.

அந்தத் திட்டத்தின் அடிப்படை யோசனை எளிமையானது. மனநோயாளியைச் சென்னை கீழ்ப்பாக்கம் வரை இழுத்துக்கொண்டு போகாமல், அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தியமும் மருந்தும் கிடைக்கணும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கணும்.

வையம்பட்டி, திருச்சி–திண்டுக்கல் சாலையில் மணப்பாறையைத் தாண்டி இருக்கிற ஊர். ஒன்றியத் தலைமையிடம், ரயில் நிலையமும் உண்டு. மணப்பாறை பக்கம்தான். ஆனால் புத்தூரில் இருக்கிற திருச்சி பெரியாஸ்பத்திரி, அதாவது மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, 50 கிலோமீட்டருக்கு மேல். மாதம் ஒரு நாள் அங்கே போய் வர ஒரு நாள் கூலி போகும். கூட வருபவருக்கும் போகும். ஓ.பி. சீட்டு வரிசை, டாக்டர் வரிசை, மருந்து வரிசை என்று மூன்று வரிசையில் நின்று திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். இந்த மாதம் கடலை பறிப்பு, அடுத்த மாதம் வீட்டில் விசேஷம் என்று ஒரு தடவை தள்ளிப்போனால், மாத்திரை அதற்காகக் காத்திருக்காது.

ஏன் விடுகிறார்கள்?

"திமிர்", "பிடிவாதம்", "நோய் அப்படி" என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். நோயின் பங்கு உண்டுதான். தனக்கு நோய் இருப்பதையே உணரவிடாமல் செய்வது மனச்சிதைவின் ஒரு கூறு. ஆனால் மற்ற காரணங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை சாதாரண மனுஷக் காரணங்கள்:

சரியாகிவிட்டது. காய்ச்சல் போனால் மாத்திரையை நிறுத்துவது நம் பழக்கம். மனச்சோர்வு மருந்தில் குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். அதை ஒருவர் எடுத்துச் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

வேலை செய்யவில்லை. இதே மனச்சோர்வு மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், தூக்கக் குழப்பம் எல்லாம் முதல் வாரமே வந்துவிடும். முதலில் தொந்தரவு, பிறகுதான் நிவாரணம். இந்த வரிசை தெரியாதவர் பத்தாம் நாள் விட்டுவிடுவார்.

சொல்ல முடியாத பக்கவிளைவு. ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். அவர் கர்ப்பம் என்று நினைத்துப் பயப்படலாம். ஆண்களுக்குத் தாம்பத்தியச் சிக்கல் வரலாம், அதை யாரிடம் சொல்வார்? ஒரு இடத்தில் உட்காரவே முடியாத ஒரு தவிப்பு சில மருந்துகளால் வரும். வீட்டில் அதை "நோய் முத்திடுச்சு" என்பார்கள்.

மறைத்துச் சாப்பிட வேண்டிய நிலை. கல்யாணமாகிப் போன பெண் மாமியார் வீட்டில் அட்டையை எங்கே ஒளித்து வைப்பாள்? ஒளிக்க இடமில்லாத நாள்கள் எல்லாம் மருந்தில்லாத நாள்கள்தான்.

குடி. "மாத்திரை போட்டா குடிக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னதை, "குடிச்சா மாத்திரை போடக் கூடாது" என்று திருப்பிப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. டாஸ்மாக் போகிற நாள் எல்லாம் மாத்திரைக்கு விடுமுறை.

மாத்திரையின் முகம் மாறியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. நல்ல ஏற்பாடு, பல மாநிலங்கள் பார்த்துப் படித்த ஏற்பாடு. ஆனால் டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், போன மாதம் வெள்ளை உருண்டை, இந்த மாதம் மஞ்சள் நீளம் என்று ஆகலாம். ஏற்கெனவே சந்தேகம் நோயாக இருப்பவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் (2013), மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்து இடைநிற்பது கூடியது. "கலர்தான் வேற, உள்ளே இருக்கிறது அதே மருந்துதான்" என்ற ஒரு வரி போதும். அதைச் சொல்ல வேண்டிய ஆள், கையில் எடுத்துக் கொடுப்பவர்.

இந்தப் பட்டியலில் எத்தனை விஷயம் ஐந்து நிமிடப் பேச்சில் சரியாகக்கூடியவை என்று எண்ணிப் பாருங்கள்.

கவுண்டரில் மட்டுமே தெரிகிற ஆபத்து

மருந்தாளுநரின் வேலை ஞாபகப்படுத்துவது மட்டும் இல்லை. அவர் கண்ணுக்கு மட்டுமே படுகிற சில விஷயங்கள் உண்டு.

லித்தியம் ஒரு நல்ல உதாரணம். பைபோலார் நோய்க்குப் பழைய, நம்பகமான மருந்து. ஆனால் பலன் தரும் அளவும் விஷமாகும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லி ஈக்விவலன்ட் வரை வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. இப்போது சித்திரை வெயிலில் காட்டு வேலை செய்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் நீரும் உப்பும் போகிறது, லித்தியம் அளவு ஏறும். இடுப்பு வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ வாங்கிப் போடுகிறார், இன்னும் ஏறும். வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம். பார்ப்பவர்கள் "குடிச்சிருக்கான்" என்று விட்டுவிடுவார்கள். லித்தியம் சீட்டு எழுதிய டாக்டர் திருச்சியில் இருக்கிறார், வலி மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கையில் வந்து சேரும் இடம் மருந்துக்கடை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா அண்ணே?" என்று வலி மாத்திரை கொடுக்கும் முன் கேட்பது இதற்காகத்தான்.

அடுத்தது குளோசபின். மற்ற மருந்துகள் கைகொடுக்காத மனச்சிதைவுக்குக் கொடுப்பது. வெள்ளணுக்கள் குறைகிறதா என்று முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தம் பார்க்கச் சொல்வது வழக்கம். இந்த மருந்தை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால், பழைய அளவில் அப்படியே மறுபடி தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்றணும், இல்லாவிட்டால் பிரஷர் திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். ஊருக்குப் போய் நாலு நாள் விட்டுவிட்டு வந்தவருக்கு, பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பிழை. அன்றே டாக்டருக்குப் போன் போகணும்.

இன்னொன்று பீடி. புகையில் உள்ள பொருள்கள், குளோசபின், ஓலன்சபின் இரண்டையும் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. தினம் ஒரு கட்டு பீடி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் மருந்தின் அளவு உடம்பில் ஏறிவிடும், தூக்கம் தள்ளும். பீடியை நிறுத்துவது நல்லதுதான். அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தணும்.

எப்படிக் கேட்பது?

"ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று பார்த்தோம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பதிலும் மாறும்:

"போன மாசம் வாங்கினதுல எத்தனை மிச்சம் இருக்கும்கா?"

"இந்த மாத்திரை போட்டா சிலருக்கு ரொம்பத் தூக்கம் வரும், வெயிட் போடும். உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் மறந்துபோகும். மறந்தா என்ன பண்றீங்க?"

மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. விட்டதை ஒப்புக்கொள்வது அவமானம் இல்லை என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. இரண்டு வேளை மாத்திரையை ஒரே வேளையாக்க முடியுமா, தினமும் மாத்திரை வேண்டாம் என்பவருக்கு இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி சரிவருமா என்றெல்லாம் டாக்டரிடம் கேட்கச் சொல்லி அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு கவர் மேல் சூரியன், நிலா வரைந்து கொடுக்கலாம்.

இதெல்லாம் நல்ல மனசு இருந்தால் செய்கிற உபகாரம் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் வந்த மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. மருந்து எதற்கு, எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு, டோஸ் தவறினால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் இருக்கிறது. கூட்டம் முட்டி மோதும் அரசு மருத்துவமனை ஜன்னலில் ஓர் ஆளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. தனியார் கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்கும், சான்றிதழுக்கு உரியவர் இருக்கமாட்டார் என்ற புகாரும் புதிதில்லை.

48 நாள் கணக்கு

திருச்சிப் பக்கத்து விஷயம் என்பதால் இதையும் சொல்லணும். முசிறி போகிற வழியில், காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோவில். மனநலம் பாதிக்கப்பட்டவர்களை அங்கே அழைத்துப்போய் ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைப்பது நெடுங்கால வழக்கம். கோவிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகுதான், வழிபாட்டுத் தலங்களை ஒட்டிய இப்படிப்பட்ட இடங்கள் மீது அரசின் கண் விழுந்தது.

சாமியா மாத்திரையா என்று சண்டை போட்டால் பெரும்பாலும் மாத்திரைதான் தோற்கும். மருந்தாளுநர் கேட்க வேண்டியது கணக்குக் கேள்வி: "கோவில்ல 48 நாள் இருக்கப் போறீங்க, கையில 30 நாள் மாத்திரைதானே இருக்கு? மிச்சம் 18 நாளைக்கு?" நம்பிக்கையைத் தொடாமலே இதைச் சரிசெய்யலாம். விரதம் இருப்பவர்கள், நோன்பு பிடிப்பவர்கள் விஷயத்திலும் இப்படித்தான். வேளையை மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுச் சொல்லலாம். லித்தியம் சாப்பிடுபவர் தண்ணீர் குடிக்காத விரதம் இருக்கும் முன் கட்டாயம் கேட்டாகணும்.

இது வேலை செய்யுமா?

மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர்களுக்கு மருந்தாளுநர் ஆலோசனை தந்து பார்த்த வெளிநாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்தைத் தொடர்வது கூடுகிறது என்று வந்திருக்கிறது. நோயே குறைந்ததா என்றால் அவ்வளவு உறுதியான பதில் இல்லை. இங்கிலாந்தில் 2011 முதல் ஒரு சேவை உண்டு. ஆஸ்துமா, பிரஷர், சுகர் போன்றவற்றுக்குப் புது மருந்து தொடங்கியவரை, கடைக்காரரே ஒன்றிரண்டு வாரத்தில் கூப்பிட்டு "எப்படி இருக்கு, என்ன சிக்கல்" என்று விசாரிப்பார். அந்த முதல் இரண்டு வாரம்தான் மனநல மருந்திலும் ஆபத்தான காலம்.

நம்ம பக்கத்திலும் அனுபவம் இருக்கிறது. சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-ல் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் ஒரு பேருந்தை ஊர் ஊராக அனுப்பத் தொடங்கியது. உள்ளே வீடியோவில் டாக்டர், அதே பேருந்தில் மருந்து. பார்ப்பதும் வாங்குவதும் ஒரே இடத்தில். காஞ்சிபுரம், கோவா, சத்தாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்து 2014-ல் லான்செட்டில் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவதால் நோய்க்குறிகளும் செயலிழப்பும் ஓரளவு குறைந்ததைக் காட்டியது. அவர்கள் மருந்தாளுநர்கள் இல்லை. ஆனால் டாக்டர் அல்லாத ஒருவர் பக்கத்தில் இருந்து விசாரிப்பதால் பலன் உண்டு என்பதற்கு இது நம் மண்ணின் சாட்சி.

எல்லைக்கோடு

மருந்தாளுநர் டோஸைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சீட்டில்லாமல் தூக்க மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது. அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை எச்-1 அட்டவணையில் வருபவை. சீட்டு வேண்டும், தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நாள்பட்டுச் சாப்பிட்டவர் அவற்றைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், ஆகவே "இனிமே கிடையாது, போ" என்று விரட்டுவதும் சரியில்லை. டாக்டரிடம் அனுப்பணும்.

எல்லாவற்றுக்கும் மேலே ரகசியம். வையம்பட்டி கடைவீதியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "இது மனநல மாத்திரைதானே?" என்று நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்டால், அந்த அக்கா அடுத்த மாதம் மணப்பாறையில் போய் வாங்குவார், அல்லது வாங்கவே மாட்டார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களைக் காப்பதை அவர் உரிமையாகவே வைத்திருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்காரரிடம்கூடப் பேசக் கூடாது. கவுண்டரின் ஓரத்தில், குரலைத் தாழ்த்தி இரண்டு நிமிடம் பேச ஓர் இடம், இதற்குப் பெரிய செலவு ஆகாது.

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார மையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்கணும் என்கிறது. "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் வந்தால், அது உங்கள் உரிமை சம்பந்தப்பட்டது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வரை மருந்தில்லாமல் இருக்க வேண்டியவருக்கு அந்த ஏழு நாள் சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் யாராவது இந்த மருந்துகள் சாப்பிட்டால் மூன்று காரியம் செய்யலாம். மாத்திரை தீரும் தேதியை காலண்டரில் வட்டம் போட்டு, அதற்கு ஐந்து நாள் முன்னாலேயே அடுத்ததற்குக் கிளம்புங்கள். முடிந்தவரை ஒரே கடையில் வாங்குங்கள், எல்லா மருந்தும் ஒருவர் கண்ணில் படட்டும். விட்டுப்போயிருந்தால் திட்டாமல் காரணம் கேளுங்கள், அந்தக் காரணத்தை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கொண்டுபோங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக அளவை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

1996-ல் நான்கில் ஒன்றாகத் தொடங்கிய மாவட்டம் இது. டாக்டரைப் பக்கத்தில் கொண்டுவருவதில் அன்றிலிருந்து எவ்வளவோ நடந்திருக்கிறது. கொடுத்த மாத்திரை வீட்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று கேட்கிற வேலைக்கு ஏற்கெனவே ஊருக்கு ஊர் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு வார மனநலப் பயிற்சியும், டாக்டரின் போன் நம்பரும், ஆளுக்கு ஐந்து நிமிடமும் கொடுப்பது மாவட்டத் திட்டத்தின் அடுத்த வேலையாக இருக்கலாம்.